கோணலாகத் தெரிந்த வாயில்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான மாதிரி வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பொம்மைக் கட்டைகளைக் கொண்டு ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டை ஒன்றை உருவாக்க வேண்டும் என்பதே போட்டி. மண்டபத்தில் 15 மேசைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் ஒரு கோட்டை. கொடிகள் பறந்தன. குதிரை வீரர்கள் அணிவகுத்து நின்றனர். சில கோட்டைகளின் சாளரங்களில் சிறு விளக்குகள்கூட எரிந்தன.

கடைசி மேசையில் இருந்த கோட்டை அப்படி அழகாக இல்லை. சாம்பல் நிறக் கட்டைகள் போதாததால் இடையிடையே சிவப்பும் மஞ்சளும் கலந்திருந்தன. கோபுரங்களின் உச்சி முடிக்கப்படாமல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளி மதிலின் வாயில் ஓரிடத்திலும் உள் மதிலின் வாயில் சற்றுத் தள்ளி வேறோரிடத்திலும் இருந்தன. வெளி வாயிலில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே சுவர்தான் தெரிந்தது. "வாயில்கள் நேராக அமையவில்லை, வேலை முழுமை பெறவில்லை, திட்டமிடலில் கவனக்குறைவு" என்று மதிப்பெண் தாளில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சென்றேன்.

பரிசளிப்பு முடிந்தபின், அந்தக் குழுவைச் சேர்ந்த படிவம் இரண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"ஐயா, எங்கள் வாயில் கோணல் இல்லை. உண்மையான கோட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது," என்றாள்.

அவள் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது. அதில் வேல்ஸ் நாட்டிலுள்ள பியூமாரிஸ் கோட்டையின் தரைப்படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். எதிரிகள் வெளி வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தால், நேர் எதிரே அடுத்த வாயில் இருக்காது. இரு மதில்களுக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் அவர்கள் திரும்பியாக வேண்டும். அப்போது மேலிருந்து அம்புகள் பாயும். வாயிலை இடிக்கப் பெருமரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவும் இடம் இருக்காது. இவை அனைத்தையும் அவள் ஒரே மூச்சில் விளக்கினாள்.

"அப்படியானால் கோபுரங்களை ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"உண்மையான கோட்டையையும் அவர்கள் முடிக்கவில்லை, ஐயா. அரசரிடம் பணம் தீர்ந்துவிட்டது. எங்களிடம் கட்டைகளும் தீர்ந்துவிட்டன," என்று சொல்லிச் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. முடிவுகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. கேடயம் வேறொரு மேசைக்குச் சென்றுவிட்டது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழியை எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் விசாரிக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும்.

அன்று முதல் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்றை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். பொம்மைக் கட்டைகளால் ஒரு கோட்டையை நுணுக்கமாகக் கட்டுவது, இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நேரம் ஒதுக்கிச் செய்யத்தக்க கல்விப் பணியாகும். ஆனால், 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்ற கேள்வியோடு கட்டினால்தான் அது கல்வியாகும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கோட்டையும் அலங்காரப் பொருளாகவே நின்றுவிடும்.

இக்கருத்தைக் கேட்டவுடன் பெற்றோர் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். "பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொம்மைக் கட்டையா? தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் விளையாட்டா?" என்று கேட்பார்கள். அவர்களுடைய அக்கறையை நான் குறை கூற மாட்டேன். நானும் ஒரு தந்தைதான். ஆயினும், இந்தக் கட்டையை வெறும் பொம்மை என்று ஒதுக்குவதற்கு முன் அதனைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இன்று உலகெங்கும் அறியப்படும் லெகோ கட்டை, டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தது. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் அங்கு மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்நிறுவனம் நெகிழிக் கட்டைகளுக்கு மாறியது. கட்டையின் மேற்புறம் குமிழ்களும் உட்புறம் குழாய்களும் கொண்ட இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை விண்ணப்பம் செய்யப்பட்டது. குமிழும் குழாயும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் கட்டைகள் எளிதில் கழன்று விழுவதில்லை. அதே வேளையில், வேண்டும்போது கையாலேயே பிரித்துவிடலாம். அவ்வாண்டில் செய்யப்பட்ட கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு மட்டும் உங்களிடம் இருந்தால், அவற்றை 915,103,765 வெவ்வேறு வகைகளில் இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆறு கட்டைகளுக்கே இவ்வளவு வாய்ப்புகள் என்றால், ஒரு கூடை கட்டைகளை எதிரில் வைத்திருக்கும் மாணவன் எத்தனை முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும்!

அந்த முடிவுகளில்தான் பாடம் இருக்கிறது. பியூமாரிஸ் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அதன் உள் மதில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரமும் 4.7 மீட்டர் தடிப்பும் உடையது. அதனை நூற்றில் ஒரு பங்கு அளவில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது மதிலின் உயரம் 11 சென்டிமீட்டர், தடிப்பு 4.7 சென்டிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். எனவே, சுமார் 11 அல்லது 12 வரிசைகளை அடுக்க வேண்டும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் உள்ள இடைவெளி 8 மில்லிமீட்டர். எனவே, மதிலின் தடிப்புக்கு ஆறு குமிழ்கள் தேவை. விகிதம், அலகு மாற்றம், தோராயம் ஆகிய மூன்றும் கணிதப் பாடநூலில் தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன. இங்கே அவை ஒரே சுவரில் சந்திக்கின்றன.

கணக்கு அத்துடன் முடிவதில்லை. அக்கோட்டையின் உள்முற்றம் சுமார் முக்கால் ஏக்கர் பரப்புடையது. நம் அளவின்படி அது பக்கத்துக்கு ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் கொண்ட சதுரமாகும். எட்டுக் குமிழ்க் கட்டைகளால் ஒரு பக்கத்து மதிலை மட்டும் இடைவெளியின்றி நிரப்பினாலே ஏறக்குறைய 600 கட்டைகள் போய்விடும். நான்கு பக்கங்களுக்கு 2,400 கட்டைகள்! இன்னும் கோபுரங்கள் இல்லை. வெளி மதில் இல்லை. அத்தனை கட்டைகள் எங்கே கிடைக்கும்?

நான் குறிப்பிட்ட குழுவினரும் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி என்னை வியக்க வைத்தது. மதிலின் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் மட்டும் கட்டி, நடுவே வெற்றிடம் விட்டு, இரண்டையும் இணைக்க ஆங்காங்கே குறுக்குக் கட்டைகளை வைத்தார்கள். இடைக்காலக் கொத்தனார்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். தடித்த மதில்களின் இரு முகங்களிலும் செதுக்கிய கற்களை வைத்து, நடுவில் உடைகற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பினார்கள். பியூமாரிஸ் கோட்டையிலோ மதிலின் தடிப்புக்குள்ளேயே காவலர்கள் நடந்து செல்ல வழியும் இருக்கிறது. பொருள் பற்றாக்குறை ஒரு மாணவனை எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கொத்தனாரின் அறிவுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதனை எந்தக் கரும்பலகையால் செய்ய முடியும்?

கட்டைகளை அடுக்கும்போது மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இன்னொரு விதியும் உண்டு. ஓர் இணைப்பின் மேல் நேராக மற்றோர் இணைப்பு வந்தால் சுவர் அந்த இடத்தில் பிளந்துவிடும். கீழ் வரிசையின் இணைப்பை மேல் வரிசையின் கட்டை மூட வேண்டும். உங்கள் குடியிருப்புப் பகுதியில் வீடு கட்டும் இடம் ஏதேனும் இருந்தால் செங்கல் சுவரைப் பாருங்கள். அதே விதி அங்கும் இருக்கும். அடுத்து, சதுரக் கட்டைகளால் வட்டக் கோபுரத்தை எவ்வாறு அமைப்பது? ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று, இரண்டு குமிழ்கள் உள்வாங்கிப் படிப்படியாக வளைவைக் காட்ட வேண்டும். முதல் முயற்சியில் கோபுரம் எண்கோணமாக நிற்கும். இரண்டாம் முயற்சியில் முட்டை வடிவமாகும். நான்காம், ஐந்தாம் முயற்சியில்தான் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றும்.

இங்கேதான் பொம்மைக் கட்டையின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அட்டையில் செய்த மாதிரியில் பசை தடவிவிட்டால் தவற்றைத் திருத்துவது கடினம். அதனால், மாணவர்கள் பிழையை மறைக்கவே முயல்வார்கள். கட்டையில் தவறு நேர்ந்தால் பிரித்துவிட்டு மீண்டும் கட்டலாம். ஒன்றும் வீணாகாது. தவறு செய்ய அஞ்சும் மாணவர்களே இன்று நம் வகுப்பறைகளில் அதிகம். கை தூக்கினால் விடை பிழையாகிவிடுமோ என்று அஞ்சி அமைதியாக இருப்பவர்களை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். தவறு என்பது பிரித்துக் கட்டக்கூடிய ஒன்று என்பதை அவர்களுடைய விரல்களே உணர வேண்டும்.

இனி, சிலர் முன்வைக்கும் மற்றொரு மறுப்பைப் பார்ப்போம். "பெட்டியில் வரும் செய்முறைக் கையேட்டைப் பார்த்து அடுக்குவதில் என்ன சிந்தனை இருக்கிறது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியில் நியாயம் உண்டு. லெகோ நிறுவனம் 1978-இல் மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றை வெளியிட்டது. 2022-இல் வெளியிட்ட சிங்க வீரர்களின் கோட்டையில் 4,514 துண்டுகள் உள்ளன. கையேட்டைப் பின்பற்றி அத்தனை துண்டுகளையும் பொருத்துவதற்குப் பொறுமையும் கவனமும் தேவைதான். தொடக்க நிலையில் அது நல்ல பயிற்சி என்பதையும் மறுக்க முடியாது. பிறர் அமைத்த கோபுரத்தைக் கட்டிப் பார்த்தால், வளைவுக்கும் கூரைக்கும் எத்தகைய உத்திகள் உள்ளன என்பது தெரியவரும். எனினும், அங்கே 'ஏன்' என்ற கேள்விக்கான விடையை வடிவமைப்பாளர் முன்னரே கண்டுபிடித்துவிட்டார். கட்டுபவருக்கு மீதமிருப்பது 'எங்கே' என்ற கேள்வி மட்டுமே. எனவே, கையேடு முதற்படியாக இருக்கலாம். ஒருவர் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

ஜொகூர் மாநிலத்தில் 2012-இல் திறக்கப்பட்ட லெகோலாந்துக்கு உங்களில் பலர் சென்றிருப்பீர்கள். கட்டைகளால் ஆன பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்திருப்பீர்கள். பார்ப்பதற்கு இன்பமாகத்தான் இருக்கும். ஆனால், பிறர் கட்டியதைப் பார்ப்பது வேறு; நாமே ஒரு சுவரைக் கட்டி அது சாய்வதைக் காண்பது வேறு. அறிவு பிந்தியதிலிருந்துதான் மிகுதியாகக் கிடைக்கிறது.

விளையாட்டாகத் தொடங்கும் இப்பணியைப் பெரியவர்களும் மேற்கொள்கிறார்கள். பிரான்சு நாட்டின் பர்கண்டி வட்டாரத்தில் கெடலோன் என்னுமிடத்தில் 1997 முதல் ஒரு முழுக் கோட்டையையே புதிதாகக் கட்டி வருகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கருவிகளையும் முறைகளையுமே பயன்படுத்துவது அவர்களுடைய கொள்கை. பளு தூக்குவதற்கு, மனிதர் உள்ளே நடந்து சுழற்றும் பெரிய மரச்சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் நூல்களில் தேடியும் விடை காணாத பல கேள்விகளுக்குக் கட்டிப் பார்த்து விடை காண்பதே அவர்களின் நோக்கம். மேசை மீது கட்டை அடுக்கும் மாணவனும், அங்கே கல் செதுக்கும் கொத்தனாரும் ஒரே வழியில்தான் கற்கிறார்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதும் காரணம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கோட்டை என்பது சுவரும் கோபுரமும் மட்டுமன்று. அதற்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் மக்களை அடக்கி ஆள்வதற்காக இங்கிலாந்தின் அரசர் முதலாம் எட்வர்ட் அந்நாட்டில் வரிசையாகக் கோட்டைகளை எழுப்பினார். அவற்றுள் இறுதியாகத் தொடங்கப்பட்டதே பியூமாரிஸ். 1295-இல் ஆங்கில்சி தீவின் கடலோரச் சதுப்பு நிலத்தில் அதன் வேலை தொடங்கியது. கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர் மாஸ்டர் ஜேம்ஸ் என்ற புகழ்பெற்ற கோட்டைக் கலைஞர். மறு ஆண்டு, 1296 பிப்ரவரியில், அரசரின் கருவூலத்துக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர்கள் ஆகியோருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார். கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 100 வண்டிகள், 60 பெரிய வண்டிகள், 30 படகுகள் தேவைப்பட்டன. ஆட்களுக்குக் கூலி பாக்கி நிற்கிறது, பணம் அனுப்புங்கள் என்பதுதான் அக்கடிதத்தின் சாரம்.

ஒரு மாணவன் 600 கட்டைகளை அடுக்கி முடிக்கும்போது அவன் விரல் நுனிகள் வலிக்கத் தொடங்கிவிடும். அந்த வலியோடு இந்தக் கடிதத்தைப் படித்தால், 2,000 கூலியாட்கள் என்ற எண் வெறும் எண்ணாக இருக்காது. வரலாற்றுப் பாடநூல் 'அரசர் கோட்டையைக் கட்டினார்' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். கட்டிப் பார்த்தவன், "அரசரா கட்டினார்?" என்று கேட்பான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கோட்டை எழுந்த இடத்துக்கு அருகில் லான்வைஸ் என்ற ஊர் இருந்தது. அது வேல்ஸ் மக்கள் வாழ்ந்த செழிப்பான வணிக ஊர். புதிய கோட்டைக்கும் அதனை ஒட்டிய ஆங்கிலேயர் நகருக்கும் இடையூறாக இருக்கக் கூடாது என்று அந்த மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். தீவின் தென்மேற்குப் பகுதியில் நியூபரோ என்ற புதிய குடியிருப்பு அவர்களுக்காக அமைக்கப்பட்டது. கோட்டையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு லான்வைஸ் தெரிவதில்லை. மாதிரியை உருவாக்கும் மாணவர்கள் மதிலுக்கு வெளியே என்ன வைப்பது என்று யோசிக்கும்போதுதான் அந்த ஊர் நினைவுக்கு வரும். வெற்று மேசைப் பரப்பாக விடுவதா, அகற்றப்பட்ட வீடுகளின் அடையாளமாகச் சில கட்டைகளை வைப்பதா? இதுவும் ஒரு வடிவமைப்பு முடிவுதான். அது மனசாட்சி சார்ந்த முடிவும்கூட.

அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோட்டை அரசருக்கு என்ன தந்தது? ஏறத்தாழ 15,000 பவுண்டு செலவாகியும் வேலை முடியவில்லை. அரசரின் கவனமும் பணமும் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பின. 1330 வாக்கில் பணி அடியோடு நின்றது. 1403-இல் ஓவைன் கிளின்டோர் தலைமையில் எழுந்த வேல்ஸ் கிளர்ச்சியாளர்கள் அக்கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1405-இல்தான் அரசப் படையால் அதை மீட்க முடிந்தது. இரட்டை மதிலும் அகழியும் விலகி நின்ற வாயிலும் இருந்தும் கோட்டை விழுந்தது. நம் திருக்குறளில் 'அரண்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அரணின் உயரம், அகலம், உறுதி ஆகியவற்றையெல்லாம் கூறிவரும் வள்ளுவர், செயல்திறன் இல்லாதவர்க்கு எந்த அரணாலும் பயனில்லை என்ற கருத்தோடுதான் அதனை முடிக்கிறார். கோட்டை மாதிரி ஒன்றைக் கட்டியபின் அந்த அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். மனனம் செய்த குறளுக்கும் புரிந்துகொண்ட குறளுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இறுதியாக, செலவு பற்றிய கவலை. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பெரிய கட்டைப் பெட்டிகளின் விலை, பல குடும்பங்களின் ஒரு மாத மளிகைச் செலவுக்குச் சமம். போட்டி என்று அறிவித்துவிட்டு, பெரிய பெட்டி வாங்க முடிந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தால் அது கல்வியாகாது. நான் நடுவராக இருந்த போட்டியில் ஒரே நிறக் கட்டைகள் நிறைய வைத்திருந்த குழுக்களின் கோட்டைகளே எங்கள் கண்ணைக் கவர்ந்தன என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சிவப்பும் மஞ்சளும் கலந்த மதிலைப் பார்த்தபோது, அது வீடு வீடாகச் சேகரித்த பழைய கட்டைகளாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எனவே, பள்ளிகளுக்குச் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, கட்டைகளைப் பள்ளியின் பொதுச் சொத்தாகச் சேகரிக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் கைவிட்ட கட்டைகள் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கின்றன. கட்டைகள் எளிதில் தேய்வதில்லை; கழுவி எடுத்தால் புதியவைபோல் பயன்படும். எல்லாக் குழுவினருக்கும் ஒரே எண்ணிக்கையில் கட்டைகளைக் கொடுத்தால், யாருடைய பணப்பை பெரிது என்ற கேள்வியே எழாது.

இரண்டாவதாக, கட்டத் தொடங்கும் முன் ஓர் உண்மையான கோட்டையைத் தேர்ந்தெடுத்து ஆராயச் செய்யலாம். அது வெளிநாட்டுக் கோட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலாக்காவில் போர்த்துகீசியர்கள் 1511-இல் அந்நகரைக் கைப்பற்றியபின் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு நுழைவாயில் மட்டுமே. 1807-இல் ஆங்கிலேயர்கள் மற்றவற்றை இடித்துவிட்டார்கள். அந்த ஒற்றை வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட மாணவர்கள், பழைய வரைபடங்களைப் பார்த்து மீதமிருந்த மதில்களைக் கட்டைகளால் எழுப்பிப் பார்க்கட்டும். இடிந்துபோனதன் அளவு அப்போதுதான் புலப்படும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு குழுவும் ஒரு 'ஏன் குறிப்பேடு' வைத்திருக்க வேண்டும். வாயில் ஏன் இங்கே இருக்கிறது, அம்புத் துளை ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது, வெளி மதில் ஏன் உள் மதிலைவிடத் தாழ்வாக இருக்கிறது போன்ற கேள்விகளையும் விடைகளையும் அதில் எழுத வேண்டும். பின்னால் நிற்கும் வில்லாளர்களும் முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாக ஒரே நேரத்தில் அம்பு எய்ய வேண்டும் என்பதற்காகவே வெளி மதில் தாழ்வாக அமைந்தது. இதைக் கண்டுபிடித்து எழுதிய மாணவனின் மாதிரி சற்றுச் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

நான்காவது பரிந்துரை என்னைப் போன்ற நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. மதிப்பெண் வழங்கும் முன் மாணவர்களைப் பேச விட வேண்டும். குறை என்று நாம் கருதுவது ஒருவேளை அவர்கள் தேடிக் கண்டெடுத்த உண்மையாக இருக்கலாம். குறைந்தது ஐந்து நிமிடமாவது ஒவ்வொரு மேசையின் முன்னும் நின்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாத போட்டியை நடத்தாமல் இருப்பதே மேல்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படைப்பைப் பார்த்து ஒரு பெரியவர் "இது தவறு" என்று சொன்னால் உடனே மனம் ஒடிந்துவிடாதீர்கள். உடனே சினம் கொள்ளவும் வேண்டாம். உங்கள் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். அவர் சொல்வது சரி என்றால், கட்டையைப் பிரித்துத் திருத்துங்கள். நீங்கள் செய்தது சரி என்றால், அந்த மாணவியைப் போல் பணிவோடும் சான்றோடும் எடுத்துரையுங்கள். அவள் குரல் நடுங்கியது. ஆனால், அவள் சொன்ன காரணம் நடுங்கவில்லை.

அந்தப் போட்டியின் முடிவை என்னால் மாற்ற இயலவில்லை. அக்குழுவின் ஆசிரியரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். மதிப்பெண் தாளில் நான் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல் யாருக்குப் பொருந்தும் என்பதையும் அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் தயாரிக்கும் ஒவ்வொரு மதிப்பெண் தாளிலும் முதல் வரியாக ஒரு கேள்வி இடம்பெறுகிறது: 'ஏன் இப்படிக் கட்டினீர்கள்?' அதற்கு மாணவர்கள் தரும் விடையைக் கேட்ட பிறகே மற்ற கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறேன்.